ஒரு தோட்டாவின் பொறுப்பு

நுழையும்முன்

பாபநாசத்தைச் சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தொலைவுவரை நெல்வயல்கள். காவிரியின் கிளையாறுகள் பாயும் அந்தச் சமவெளியில் மலை இல்லை; புலி உலவும் காடும் இல்லை. ஆயினும், அவ்வூருக்கு அதிகத் தொலைவில் இல்லாத திங்களூரில் பிறந்த எழுத்தாளர் தி.ஜ.ரங்கநாதன், இமயமலை அடிவாரத்துக் காடுகளைத் தமிழர் வீட்டுத் திண்ணைவரை கொண்டுவந்தார். குமாயூன் மலைநாட்டின் ஆட்கொல்லிப் புலிகளைப் பற்றி ஜிம் கார்பெட் எழுதிய நூலை அவர் தமிழாக்கினார். புலிகளைச் சுட்டுப் புகழ்பெற்ற ஒருவர், புலிகளைக் காக்க வேண்டும் என்று வாதிடுபவராக மாறியது எவ்வாறு? அவர் கையில் ஏந்திய துப்பாக்கிகளின் வழியே அந்த வாழ்வை இப்பாடம் காட்டுகிறது.

ஓர் எய்தலின் அறம்

வேட்டையைப் பாடிய பழந்தமிழ்ப் புலவர்கள் வேட்டுவனின் கருவியையும் பாடினர். வல்வில் ஓரி எய்த ஓர் அம்பு யானை, புலி, மான், காட்டுப்பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் அடுத்தடுத்துத் துளைத்ததாக வன்பரணர் புறநானூற்றில் பாடியுள்ளார். கருவியின் வலிமையும் எய்பவனின் திறமும் ஒன்றுசேர்ந்தால் ஓர் எய்தலே போதும் என்பது அப்பாடல் காட்டும் பெருமிதம்.

ஓர் எய்தலில் வேட்டை முடிவது வேட்டுவனுக்குப் பெருமை மட்டுமன்று; வீழும் விலங்கின் துன்பத்தையும் அது குறைக்கிறது. குறி தவறிய குண்டு விலங்கைக் கொல்லாமல் ஊனப்படுத்தினால், அது பசியோடும் வலியோடும் பல காலம் அலையும். அந்த விலங்கு புலியாக இருந்துவிட்டால், அதன் துன்பம் ஊர்களின் துன்பமாகவும் மாறும். இவ்வுண்மையைத் தம் கண்ணால் கண்டு உலகுக்கு எடுத்துரைத்தவர் கார்பெட். எந்தத் துப்பாக்கியை எடுப்பது, எந்தத் தோட்டாவை இடுவது என்னும் கேள்வி அவருக்கு வெறும் கருவி பற்றிய கேள்வியாக இருக்கவில்லை. அது உயிர்களைப் பற்றிய கேள்வியாக இருந்தது.

வெடித்த குழல் கற்பித்த பாடம்

எட்வர்டு ஜேம்ஸ் கார்பெட் 1875 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 25 ஆம் நாள் நைனிதாலில் பிறந்தார். அவருடைய தந்தை அவ்வூரின் அஞ்சல் அலுவலர். பெரிய குடும்பம், வருவாயோ அளவானது. கார்பெட்டுக்கு ஆறு வயது நிரம்பும் முன்பே தந்தை மறைந்தார். குடும்பப் பொறுப்பை மூத்த அண்ணன் டாம் ஏற்றார். கோடையில் மலைமேல் நைனிதாலிலும், குளிர்காலத்தில் அடிவாரத்துக் கலாதுங்கியிலும் அக்குடும்பம் வாழ்ந்தது. கலாதுங்கி வீட்டைச் சூழ்ந்த காடே சிறுவனின் உண்மையான பள்ளிக்கூடமாயிற்று.

முதலில் உண்டிவில், பிறகு வில்லும் அம்பும், களிமண் உருண்டை எய்யும் வில்லும். இவற்றைக் கடந்து அவன் கைக்கு வந்த முதல் துப்பாக்கி, வாய்வழியே மருந்து இடிக்கும் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி. அதன் வலக்குழல் ஆறு அங்குல நீளத்திற்கு வெடித்திருந்தது. குழல்களும் கட்டையும் தனித்தனியே கழன்றுவிடாதபடி பித்தளைக் கம்பியால் கட்டப்பட்டிருந்தன. பயன்பட்டது இடக்குழல் ஒன்றே. ஒருமுறை சுட்டபின் மீண்டும் மருந்திட்டு இடித்து, குண்டிட்டு, எரியூட்டி வைப்பதற்குள் எந்த விலங்கும் மறைந்துவிடும், அல்லது பாய்ந்துவிடும்.

அந்தக் குறையே சிறுவனுக்கு ஆசானாயிற்று. இரண்டாவது குண்டு இல்லை என்று அறிந்தவன் முதல் குண்டை வீணாக்க மாட்டான். அருகில் செல்லும்வரை பொறுத்திருக்கவும், காற்றின் திசை அறிந்து நடக்கவும், காய்ந்த இலைமேல் கால் வைக்காதிருக்கவும் அவன் கற்றான். பறவையின் எச்சரிக்கைக் குரலுக்கும் குரங்கின் அலறலுக்கும் பொருள் கண்டான். மணலில் பதிந்த அடிச்சுவட்டைக் கொண்டு சென்றது எது, எப்போது சென்றது என்று சொல்லத் தெரிந்துகொண்டான். ஒருநாள் புதர் ஒன்றை அவன் எட்டிப்பார்த்தபோது, மறுபக்கத்திலிருந்து புலி ஒன்று வெளிவந்து திரும்பிப் பார்த்தது. பிறகு தன் வழியே போயிற்று. வேண்டுமென்றே சீண்டாத மனிதனைப் புலி தானாகத் தாக்குவதில்லை என்னும் நம்பிக்கை அன்று அச்சிறுவனின் உள்ளத்தில் வேரூன்றியது. அது இறுதிவரை மாறவில்லை.

பள்ளிப் பருவத்தில் மாணவர் படைப்பிரிவின் மார்ட்டினி ரைஃபிள் ஒன்று அவருக்கு இரவலாகக் கிடைத்தது. பின்புறம் திறந்து தோட்டா இடும் வகை அது. ஆனால் அதுவும் ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியே. சுடும்போது தோளில் உதைக்கும் வேகத்தால் சிறுவர்கள் அதைக் கண்டு அஞ்சுவர். அந்தத் துப்பாக்கியால்தான் கார்பெட் தம் முதல் சிறுத்தையை வீழ்த்தினார்.

தெரிந்து தெளிவோம்

தோட்டா என்பது நான்கு உறுப்புகளால் ஆனது. உலோகக் கூடு, அதன் அடியில் உள்ள எரியூட்டி, கூட்டுக்குள் நிரப்பிய மருந்து, முனையில் பொருத்திய குண்டு ஆகியன அவை. விசையை இழுத்ததும் ஊசி எரியூட்டியைத் தாக்கும். மருந்து எரிந்து வாயுவாகும். அவ்வாயு குண்டைக் குழல் வழியே உந்தும். ரைஃபிள் குழலின் உட்புறத்தில் சுருளாக வெட்டப்பட்ட வரிப்பள்ளங்கள் குண்டைச் சுழலச் செய்வதால், அது நிலைகுலையாமல் நேராகச் செல்கிறது. கருமருந்து எரிந்தால் அடர்ந்த புகை எழுந்து, சுட்டவரின் கண்ணையே மறைக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த புகையற்ற மருந்து இக்குறையை நீக்கியது. குண்டின் வேகத்தையும் பெருக்கியது.

மூன்றே தோட்டாக்கள்

பள்ளிப் படிப்பை முடித்த கார்பெட் இளமையிலேயே இரயில்வேப் பணியில் சேர்ந்தார். பின்னர்க் கங்கைக்கரையில் உள்ள மொகாமா காட்டில் சரக்குகளை மாற்றி ஏற்றும் ஒப்பந்தப் பணியை ஏற்று, இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொழிலாளர்களோடு உழைத்தார். விடுமுறை நாள்களே அவருக்குக் காட்டு நாள்கள்.

1907 ஆம் ஆண்டு, சம்பாவத் பகுதியில் திரிந்த ஆட்கொல்லிப் பெண்புலியைக் கொல்ல அவரை அரசு வேண்டியது. நேபாளத்தில் 200 பேரைக் கொன்றபின் அங்கிருந்து விரட்டப்பட்டு வந்த புலி அது. குமாயூனிலும் 234 உயிர்களை அது பறித்திருந்தது. கார்பெட் இரு நிபந்தனைகளை முன்வைத்தார். புலியின் தலைக்கு அறிவிக்கப்பட்ட பரிசுத்தொகையை நீக்க வேண்டும். காட்டில் துப்பாக்கியோடு திரியும் பிற வேட்டைக்காரர்களைத் திரும்ப அழைக்க வேண்டும். பணத்துக்காகச் சுடுபவர் என்னும் பெயரை அவர் விரும்பவில்லை. புதரின் அசைவைக் கண்டு பிறர் சுடும் குண்டுக்கு இரையாகவும் விரும்பவில்லை.

அங்குச் சென்றபோது அச்சத்தின் அளவை அவர் நேரில் கண்டார். ஊர்மக்கள் பல நாள்களாகக் கதவைத் திறக்காமல் வீட்டுக்குள் அடைந்து கிடந்தனர். விளைந்த பயிரை அறுக்க ஆளில்லை. அவர் வந்து தங்கியிருந்த நாள்களிலேயே பெண்ணொருத்தியைப் புலி கவர்ந்து சென்றது. அதன் தடத்தைப் பின்பற்றி, பள்ளத்தாக்கு ஒன்றில் அது இருப்பதைக் கண்டறிந்தார். மறுநாள் 298 பேர் மலைமேட்டில் திரண்டனர். உரிமம் இல்லாத துப்பாக்கிகளைக் கொண்டுவந்தாலும் கண்டுகொள்வதில்லை என்று வட்டாட்சியர் அறிவித்திருந்ததால், ஒளித்து வைத்திருந்த பழந்துப்பாக்கிகள் பலவும் வெளிவந்தன. பறையொலியும் கூச்சலும் வெடியோசையும் எழுப்பிப் புலியைக் கலைப்பது திட்டம்.

கார்பெட்டிடம் இருந்தது குழல்விட்டம் அரை அங்குலம் உள்ள ரைஃபிள். கருமருந்துக்காகச் செய்யப்பட்ட அவ்வகைக் குழல் தாங்கும்படி அளவு குறைத்த புகையற்ற மருந்துத் தோட்டாக்களை அவர் பயன்படுத்தினார். அன்று அவர் எடுத்துச் சென்றவை மூன்றே தோட்டாக்கள். ஒன்றோ இரண்டோ போதும், மூன்றாவது நெருக்கடிக்கு என்பது அவர் கணக்கு.

கணக்கு பொய்த்தது. பரபரப்பில் சுட்ட முதல் குண்டு தவறியது. அடுத்த இரண்டும் புலியின் உடலில் பாய்ந்தன. ஆனால் அது விழவில்லை. பாறைத்திட்டு ஒன்றில் நின்று உறுமிய காயம்பட்ட புலியின் எதிரே, வெறும் துப்பாக்கியோடு அவர் நின்றார். ஓடிச் சென்று வட்டாட்சியரின் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு திரும்பினார். அதைத் தோளில் ஏற்றிய பிறகுதான், குழலுக்கும் அடிப்பாகத்துக்கும் இடையே ஓர் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு இடைவெளி இருப்பதைக் கண்டார். சுட்டால் வெடித்துச் சுட்டவரின் கண்ணைப் பறித்தாலும் வியப்பில்லை. வேறு வழியின்றிச் சுட்டார். புலியின் திறந்த வாய்க்கு வைத்த குறி, அதன் முன்னங்காலில் பட்டது. முந்தைய இரு காயங்களால் ஏற்கெனவே உயிர் குன்றியிருந்த புலி அந்த அதிர்ச்சியில் சாய்ந்தது. கொல்லப்பட்ட மனிதர்களின் தொகை அதற்குள் 436 ஆகியிருந்தது.

உடைந்த பற்கள் சொன்ன செய்தி

வீழ்ந்த புலியின் வாயைத் திறந்து பார்த்தபோது, கார்பெட்டின் வாழ்வையே திசைதிருப்பும் செய்தி அங்கிருந்தது. வலப்புறத்து மேற்கோரைப்பல் பாதியாக உடைந்திருந்தது. கீழ்க்கோரைப்பல் எலும்புவரை சிதைந்திருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் யாரோ சுட்ட குண்டின் விளைவு அது. மானையும் பன்றியையும் கவ்விப் பிடிக்க இயலாத புலி, ஓடவும் எதிர்க்கவும் வலிமையற்ற மனிதனை நாடியது. பெயரறியாத ஒருவர் பொறுப்பின்றிச் சுட்ட ஒரு குண்டுக்கு 436 குடும்பங்கள் விலை கொடுத்தன.

இச்செய்தி தனித்த ஒன்றாக நிற்கவில்லை. பிற்காலத்தில் அவர் ஆராய்ந்த ஆட்கொல்லிகள் பலவற்றிலும் இத்தகைய ஊனம் ஒன்று தென்பட்டது. முக்தேசரில் திரிந்த பெண்புலி முள்ளம்பன்றியோடு பொருது ஒரு கண்ணை இழந்திருந்தது. அதன் உடலில் ஏறத்தாழ ஐம்பது முட்கள் தைத்திருந்தன. முதுமை, முட்காயம், குண்டுக்காயம் ஆகியவையே புலியை அதன் இயற்கையிலிருந்து பிறழச் செய்கின்றன என்று அவர் தெளிந்தார். முதுமையையும் முள்ளையும் மனிதனால் தடுக்க இயலாது. குண்டுக்காயத்தைத் தடுக்க இயலும். ஆகவே காயப்படுத்திய விலங்கைத் தேடிச்சென்று அதன் துன்பத்தை முடிப்பது வேட்டைக்காரனின் கடமை என்று அவர் கொண்டார். அதைவிட மேலானது, காயப்படுத்தாமல் சுடத்தக்க கருவியைத் தேர்வது. அக்கருவியால் சுடத்தக்க தருணம் வரும்வரை விசையைத் தொடாதிருப்பது.

இரு துப்பாக்கிகள், இரு வேலைகள்

சம்பாவத் நிகழ்வைப் பாராட்டி, ஐக்கிய மாகாணத்தின் துணைநிலை ஆளுநர் சர் ஜான் ஹெவெட், கார்பெட்டுக்கு ஒரு ரைஃபிளைப் பரிசளித்தார். இலண்டனைச் சேர்ந்த ஜான் ரிக்பி நிறுவனத்தின் .275 ரைஃபிள் அது. அதன் கட்டையில் பதித்த வெள்ளித் தகட்டில் சம்பாவத் புலியின் பெயரும் ஆண்டும் பொறிக்கப்பட்டன. பரிசாக வந்த துப்பாக்கிகள் பல, சுவரை அலங்கரிப்பதோடு நின்றுவிடும். இதையோ கார்பெட் தம் வாழ்நாள் துணையாகத் தேர்ந்துகொண்டார்.

அத்தேர்வு அக்காலத்து வேட்டைக்காரர் பலருக்கு விந்தையாகத் தோன்றியிருக்கும். .275 என்னும் எண் அங்குல அளவில் குழல்விட்டத்தைக் குறிக்கும்; அது ஏறத்தாழ 7 மில்லிமீட்டர். ஜெர்மானியப் பொறியாளர் பால் மௌசர் உருவாக்கிய 7 மில்லிமீட்டர்த் தோட்டாவே ஆங்கிலேயரிடம் இப்பெயரால் வழங்கியது. அதன் குண்டின் எடை 9 கிராம் மட்டுமே. மானுக்கும் மலையாட்டுக்கும் ஏற்றதென்று கருதப்பட்ட அளவு அது. இருநூறு கிலோ எடையுள்ள புலிக்கு இது சிறிது என்பதே பலரின் எண்ணம்.

கார்பெட்டும் அதை அறிந்திருந்தார். ஆகவே ஜெஃப்ரி நிறுவனத்தின் .450/400 இரட்டைக்குழல் ரைஃபிள் ஒன்றையும் அவர் வைத்திருந்தார். .450 அளவுத் தோட்டாக்கூட்டின் கழுத்தை ஒடுக்கி .400 அளவுக் குண்டைப் பொருத்தியது என்பது அப்பெயரின் பொருள். அதன் குண்டு ஏறத்தாழ 26 கிராம், குழலைவிட்டுப் புறப்படும்போது.275 குண்டைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேற்பட்ட ஆற்றல் உடையது. இரு குழல்கள் இருப்பதால் இரண்டாவது குண்டு கண்ணிமைக்கும் நேரத்தில் ஆயத்தமாக இருக்கும். நேரே பாய்ந்து வரும் புலியை நிறுத்துவதற்கு அதுவே உரியது.

எனினும் வலிமைக்கு ஒரு விலை உண்டு. இரட்டைக்குழல் ரைஃபிள் ஐந்து கிலோ அளவு கனக்கும்; .275 மூன்று கிலோவைச் சற்றே மிஞ்சும். செங்குத்தான மலைச்சரிவுகளில் நாள்தோறும் பல மைல் நடப்பவருக்கு இந்த வேறுபாடு சிறிதன்று. மாலையில் களைத்த கை நடுங்கினால் குறி தவறும். உதைப்புக்கு அஞ்சி உடல் ஒடுங்கினாலும் குறி தவறும். மிகுந்த ஆற்றலோடு தவறான இடத்தில் பாயும் குண்டு, ஊனமுற்ற புலியை உண்டாக்கும். அளவான ஆற்றலோடு சரியான இடத்தில் பாயும் குண்டு, நொடியில் வேலையை முடிக்கும். .275 இன் குறிநேர்மையும் மென்மையான உதைப்பும் எடைக்குறைவுமே அவர் அதை நாடிய காரணங்கள்.

எல்லா வேலைக்கும் ஒரே கருவி என்னும் பிடிவாதமும் அவரிடம் இல்லை. 1910 இல், 400 பேரைக் கொன்றதாகப் பதிவான பனார் சிறுத்தையை எதிர்கொண்டபோது, இருளில் துல்லியக் குறிக்கு வழியில்லை என்று உணர்ந்து, சிதறுகுண்டுத் துப்பாக்கியோடு மரத்தில் காத்திருந்தார். தொலைவு, ஒளி, நிலம், விலங்கு ஆகிய நான்கையும் எண்ணிப் பார்த்தபின் கருவியை எடுப்பதே அவர் வழக்கம்.

ஒரு கையில் முட்டைகள்

சௌகர் பகுதியில் 1925 முதல் 1930 வரை ஒரு முதிய பெண்புலி 64 பேரைக் கொன்றது. வளர்ந்த குட்டி ஒன்றும் அதனுடன் திரிந்தது. 1929 ஆம் ஆண்டு ஏப்ரலில் இரண்டையும் ஒருங்கே காணும் வாய்ப்பு கார்பெட்டுக்குக் கிடைத்தது. தாய் எது, குட்டி எது என்று பிரித்தறிவதில் அவர் பிழை செய்தார். வீழ்ந்தது குட்டி. தப்பிய தாய் அடுத்த ஓராண்டில் பதினைந்து உயிர்களைக் கவர்ந்தது. அப்பிழையை அவர் மறைக்கவில்லை. உயிரிழந்தோரின் எண்ணிக்கையோடு அதைத் தம் நூலில் எழுதிவைத்தார். குறிநேர்மை மட்டும் போதாது, குறியைத் தேர்வதிலும் நேர்மை வேண்டும் என்பது அவர் பெற்ற கசப்பான பாடம்.

1930 ஏப்ரல் 11 ஆம் நாள். கார்பெட் இரு துணைவர்களோடு மலையோடை ஒன்றின் வழியே இறங்கிக்கொண்டிருந்தார். வழியில் இரவுப்பறவை ஒன்றின் வழக்கத்திற்கு மாறான இரு முட்டைகளைக் கண்டார். பறவை முட்டைகளைத் திரட்டும் பழக்கம் உடைய அவர், அவற்றைப் பாசியில் பொதிந்து இடக்கையில் ஏந்திக்கொண்டார். வலக்கையில் .275 ரைஃபிள். பெரும்பாறை ஒன்றைச் சுற்றி வந்தபோது, ஏதோ உணர்வு உந்தத் தலையைத் திருப்பினார். எட்டடி தொலைவில், மணல்மேல் முன்கால்களை நீட்டியபடி, அவர் முகத்தையே நோக்கிக்கொண்டு புலி கிடந்தது.

துப்பாக்கியின் முனை வேறு திசையில் இருந்தது. விரைந்து திருப்பினால் புலி பாயும். புலியின் கண்ணிலிருந்து தம் கண்ணை எடுக்காமல், ஒரு கையால், நகர்வதே தெரியாத அளவு மெதுவாக அவர் ரைஃபிளைத் திருப்பத் தொடங்கினார். முக்கால் வட்டம் திரும்ப வேண்டும். கை சோரத் தொடங்கியது. புலி அசையவில்லை. குழல் அதன் உடலுக்கு நேரானதும் விசையை அழுத்தினார். ஒரு குண்டு. முதுகெலும்பையும் இதயத்தையும் தாக்கிய அக்குண்டோடு சௌகரின் ஐந்தாண்டுத் துயர் முடிந்தது.

தாம் பிழைத்ததற்குக் கார்பெட் தம் வீரத்தைக் காரணமாகச் சொல்லவில்லை. இடக்கையில் முட்டைகள் இருந்ததால் அவரால் இரு கைகளாலும் துப்பாக்கியைச் சடக்கென்று தூக்க இயலவில்லை. அந்தத் தடையே அவரை மெதுவாக இயங்கச் செய்தது. துப்பாக்கி எடை குறைந்ததாக இருந்ததால் ஒரு கையால் அதைத் திருப்ப முடிந்தது. எதிரில் இருந்தது மனிதரை இரையாகக் கருதும் புலி என்பதால் அது விலகி ஓடவில்லை. இம்மூன்றையுமே அவர் காரணமாகக் காட்டினார். கனத்த இரட்டைக்குழல் அன்று கையில் இருந்திருந்தால், அதன் வலிமை முழுதும் பயனற்றுப் போயிருக்கும்.

அதன்பின் அவர் செய்தது இன்னும் எண்ணத்தக்கது. அந்த முட்டைகளை எடுத்துச்சென்று, எடுத்த இடத்திலேயே வைத்தார். அரைமணி நேரம் கழித்து அவ்வழியே திரும்பியபோது, தாய்ப்பறவை அவற்றின்மேல் அமர்ந்து அடைகாத்துக்கொண்டிருந்தது.

யாத்திரை வழியின் இருள்

இதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே அந்த ரைஃபிள் மற்றொரு பெருந்துயரை முடித்திருந்தது. கேதார்நாத்துக்கும் பத்ரிநாத்துக்கும் செல்லும் வழியில் உள்ள ருத்ரபிரயாகையில், 1918 முதல் 1926 வரை ஒரு சிறுத்தை 125 பேரைக் கொன்றது. 1918 இல் பரவிய நச்சுக்காய்ச்சலில் மக்கள் கூட்டங்கூட்டமாக இறந்தபோது, முறையாக எரியூட்ட இயலாத உடல்களைத் தின்று அச்சிறுத்தை மனித ஊனைச் சுவைத்தது என்று கார்பெட் கருதினார். பொறியும் நஞ்சும் பயன்படவில்லை. பல வாரங்கள் இரவுதோறும் அவர் காத்திருந்தார். 1926 மே மாதத் தொடக்கத்தில், குலாப்ராய் என்னுமிடத்தில் மாமரம் ஒன்றின்மேல் .275 ரைஃபிளோடு அமர்ந்திருந்தார். கீழே கட்டிய ஆட்டின் மணி ஒலித்த கணத்தில், ரைஃபிளோடு பொருத்திய கைவிளக்கை அழுத்தினார். ஒரு கணம் ஒளி, ஒரு குண்டு. விளக்கு உடனே அணைந்துவிட்டது. விடிந்த பிறகே சிறுத்தை இறந்து கிடப்பதை அவர் கண்டார். எட்டு ஆண்டுகளுக்குப்பின் அவ்வழியில் மக்கள் இரவில் கதவைத் திறந்தனர்.

துப்பாக்கியை விட்டு ஒளிப்படக்கருவிக்கு

கார்பெட்டைக் குறையற்றவராகக் காட்டுவது அவருக்கே உடன்பாடாக இராது. ஆட்கொல்லி அல்லாத புலிகளையும் அவர் வேட்டையாடியிருக்கிறார். போவல்கர் காட்டில் புகழோடு உலவிய, மனிதருக்குத் தீங்கு செய்யாத பெரும்புலியை 1930 இல் அவர் சுட்டார். ஆங்கில ஆட்சியின் உயர்பதவியினர் நடத்திய வேட்டைகளுக்கும் துணை நின்றார். ஆயினும் ஆண்டுகள் செல்லச்செல்லக் காடு வெறுமையாவதை அவர் கண்கூடாகக் கண்டார். நல்ல துப்பாக்கிகள் மலிந்தன, சாலைகள் காட்டுக்குள் நுழைந்தன, புலிகள் குறைந்தன.

எஃப். டபிள்யூ. சாம்பியன் என்னும் வன அலுவலர் எடுத்த புலிப்படங்கள் அவரை ஈர்த்தன. துப்பாக்கிக்கு மாற்றாக அசையும்படக் கருவியை அவர் ஏந்தினார். படம் எடுப்பது சுடுவதைவிடக் கடினம் என்பதைக் கண்டார். புலியை இன்னும் நெருங்க வேண்டும், இன்னும் நெடுநேரம் அசையாதிருக்க வேண்டும். கருவி எழுப்பும் ஒலியை மறைக்க, ஓடையில் சிறுசிறு அருவிகளைத் தாமே அமைத்து, அவற்றின் ஓசைக்கிடையே புலிகளைப் படம்பிடித்தார். தோலாக மாறும் புலி ஒருவருக்கே உடைமை. படமாக மாறும் புலி எல்லோருக்கும் மகிழ்ச்சி என்பது அவர் கண்ட தெளிவு.

1936 இல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா குமாயூன் அடிவாரத்தில் உருவானது. அதற்குத் துணைநின்றோருள் கார்பெட்டும் ஒருவர். 1944 இல் வெளிவந்த குமாயூன் நூலில், புலி கொடியது என்னும் பழியைத் துடைத்து, அதன் பெருந்தன்மையை உலகறியச் செய்தார். மக்கள் கருத்து அதற்கு ஆதரவாகத் திரளாவிட்டால் புலி அழிந்துபோகும் என்றும், அதனால் இந்தியா வறுமையுறும் என்றும் எச்சரித்தார். இரண்டாம் உலகப்போரின்போது, படைவீரர்க்குக் காட்டில் வாழும் முறையைக் கற்பித்தார். அப்போதும் சிறுவயதில் அந்த உடைந்த துப்பாக்கி கற்பித்த பொறுமையே பாடமாயிற்று.

1947 இல் தம் தமக்கை மேகியோடு அவர் கென்யாவுக்குக் குடிபெயர்ந்தார். புறப்படும் முன் தம் பழந்துப்பாக்கிகள் சிலவற்றைக் கலாதுங்கிக் காட்டில் புதைத்துவிட்டார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர். 1955 ஏப்ரல் 19 ஆம் நாள் நையேரி நகரில் அவர் மறைந்தார். அவர் உருவாக்கத் துணைநின்ற பூங்கா பின்னர் அவர் பெயரையே பெற்றது. அந்த .275 ரைஃபிள் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. 2016 இல் அது ஒருமுறை இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. தோட்டா இடப்படாத அத்துப்பாக்கியைக் காண மக்கள் திரண்டனர்.

வயலுக்கு வரும் காட்டின் நீர்

1972 இல் நடந்த கணக்கெடுப்பில் இந்தியாவில் 1827 புலிகளே எஞ்சியிருந்தன. அதே ஆண்டில் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1973 ஏப்ரல் 1 அன்று புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. தொடக்கவிழா நடந்த இடம் கார்பெட் பூங்கா. எந்த ரைஃபிள், எந்தத் தோட்டா என்று வேட்டைக்காரர்கள் தேர்ந்துகொண்டிருந்த காலம் அத்துடன் முடிந்தது. ஆனால், தேர்வின் பின்னால் உள்ள பொறுப்பு முடியவில்லை.

தமிழ்நாட்டின் முதுமலையில் புலிகள் நீர் அருந்தும் மோயாறு பவானியில் சேர்கிறது; பவானி காவிரியில் கலக்கிறது. புலி வாழும் காடு மழைநீரைத் தேக்கிச் சிறிது சிறிதாக ஆற்றுக்குத் தருகிறது. கல்லணையைக் கடந்து பாபநாசத்து வயலில் பாயும் நீரில் அக்காட்டின் பங்கும் உண்டு. புலியையே காணாத நெல்வயல் நாட்டுக்கும் புலி அயலானதன்று. ஒரு குண்டு எவ்வளவு தொலைவு பாயும் என்பதைத் துப்பாக்கி செய்வோர் அளந்து சொல்வர். அதன் விளைவு எவ்வளவு தொலைவு பாயும் என்பதை, சம்பாவத் புலியின் உடைந்த பற்களில் கண்டவர் கார்பெட். கையில் வலிமை வாய்க்கும் ஒவ்வொருவரும் அதைப் பயன்படுத்தும் முன் ஒருகணம் எண்ணிப் பார்ப்பதற்கு அவர் வாழ்வு துணைசெய்கிறது.